சிர்கோனியா பெல்லட்டை உடையாமல் சுட்டெடுப்பது: பொடியிலிருந்து வெப்ப அதிர்ச்சிச் சோதனை வரை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. உடைந்த பெல்லட்டுகளை, அதாவது பொடியை அச்சில் அழுத்திச் சுட்ட சிறு வில்லைகளை, எல்லாம் அதில்தான் போட்டு வைக்கிறோம். உலையைத் திறந்து, இரண்டாகப் பிளந்து கிடக்கும் பெல்லட்டைப் பார்த்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "சார், ஃபர்னஸ் சரியில்ல." டப்பாவில் கிடப்பவற்றில் உலையால் உடைந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை அச்சிலேயே பழுதானவை. உலை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது களியக்காவிளைப் பக்கம், கேரள எல்லையை ஒட்டி. வருடத்தில் இரண்டு பருவமழை. ஐப்பசியில் பிற்பகலானால் இடி, கூடவே கரண்ட் கட். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. அதனால் இந்த ஊர்க் காற்றுக்கும் மின்சாரத்துக்கும் ஏற்றபடியே எழுதுகிறேன். 13 மி.மீ. அச்சில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) பெல்லட் அழுத்தி, சுட்டு, அடர்த்தி பார்த்து, சூட்டிலிருந்து தண்ணீரில் போட்டுச் சோதிப்பதுவரை, செய்ய வேண்டிய வரிசையில்.

1. எந்த சிர்கோனியா என்று முதலில் தீர்மானியுங்கள்

சுத்தமான சிர்கோனியாவை வாங்கிவிடாதீர்கள். அதன் உருகுநிலை சுமார் 2,700 டிகிரி செல்சியஸ் என்று படித்துவிட்டு, எதையும் தாங்கும் என நினைப்பவர்கள் உண்டு. உருகுவதற்கு வெகு முன்பே அது படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அறை வெப்பத்தில் மோனோகிளினிக், சுமார் 1,170 டிகிரிக்கு மேல் டெட்ராகனல், 2,370 டிகிரிக்கு மேல் கியூபிக். குளிரும்போது டெட்ராகனலிலிருந்து மோனோகிளினிக்குக்குத் திரும்புகையில் கன அளவு 4 சதவீதம் போல உப்புகிறது. பெல்லட் அதைத் தாங்காது, நொறுங்கிவிடும். இதைத் தடுக்கத்தான் யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) சேர்க்கிறார்கள்.

எவ்வளவு யிட்ரியா என்பதில்தான் பெரிய குழப்பம். யிட்ரியா சேர்த்த சிர்கோனியாவை ஒய்எஸ்இசட் என்று சுருக்கி எழுதுவார்கள். "8 ஒய்எஸ்இசட்" என்று ஒரு ஆய்வுக் கட்டுரையில் பார்த்தால், அது மோல் சதவீதமா எடைச் சதவீதமா என்று தேடிக் கண்டுபிடியுங்கள். டர்பைன் பிளேடின் மேல் வெப்பத் தடுப்புப் பூச்சாகப் பயன்படுவது 7 முதல் 8 எடைச் சதவீதம். மோல் கணக்கில் இது 4 அல்லது 4.5தான். எரிபொருள் கலத்தில் பயன்படும் 8 மோல் சதவீதம் எடையில் சுமார் 13.7 ஆகிவிடும். அது முழுக்க கியூபிக், வலிமையும் குறைவு. பூச்சைப் பற்றி ஆய்வு செய்ய வந்து, எரிபொருள் கலத்துக்கான பொடியில் ஆறு மாதம் உழைத்த மாணவரை எனக்குத் தெரியும்.

கைபழக 3 மோல் சதவீதப் பொடியே நல்லது. எடையில் சுமார் 5.3. இதன் முழு அடர்த்தி 6.05 கிராம்/க.செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இனி வரும் கணக்குகள் எல்லாம் இதற்குத்தான்.

ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்: "மணவாளக்குறிச்சி கடற்கரையிலேயே சிர்கோனியம் கிடைக்குதே, அதையே எடுத்தா என்ன?" அங்கே மணலில் இருப்பது சிர்கான். அது சிர்கோனியா இல்லை, சிர்கோனியம் சிலிகேட். மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. அதைப் பிரிக்கக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து உருக்க வேண்டும், பிறகு அமிலத்தில் கரைக்க வேண்டும். அது ஒரு தொழிற்சாலையின் வேலை. கூடவே அந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. பையில் அள்ளி வருகிற சமாச்சாரம் இல்லை. பொடியை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பொடி வருமுன் பார்த்து வைக்க வேண்டியவை

முதலில் உலை. சாதாரண மஃபிள் ஃபர்னஸ் 1,100 டிகிரியோடு நின்றுவிடும். நமக்கு 1,450 தொடர்ந்து வேண்டும். சிலிக்கன் கார்பைடு தண்டு போட்ட உலைக்கு அது விளிம்பு. மாலிப்டினம் டைசிலிசைடு போட்ட உலை என்றால் கவலை இல்லை. 1,450 போகும் இந்தப் பெரிய உலை, சாதாரண மஃபிள் ஃபர்னஸ், இரண்டும் தேவைப்படும். காரணம் 6-ஆம் படியில் வருகிறது.

மற்றவை: 13 மி.மீ. அச்சு, ஹைட்ராலிக் பிரஸ், அகேட் கல்வம், 100 மெஷ் சல்லடை, வெர்னியர், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, அலுமினா தட்டு, பாலிவினைல் ஆல்கஹால், ஸ்டியரிக் அமிலம், அசிட்டோன். முகக்கவசமும் வேண்டும். இந்தப் பொடி மாவைவிட மென்மையானது, காற்றில் மிதக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஒரு எண், தேதி, அன்றைய ஈரப்பதம், பொடியின் எடை, போட்ட அழுத்தம். பிறகு பெல்லட் உடைந்தால் இந்த நோட்டைத் தவிர உங்களிடம் வேறு சாட்சி இல்லை.

3. பைண்டர் சேர்த்துக் குருணையாக்குதல்

முதல் வேலை, பொடிப் பையோடு வந்த தாளைப் படிப்பது. சில பொடிகளில் பைண்டரை (துகள்களைப் பிடித்து வைக்கும் பசை) சேர்த்தே, தெளித்து உலர்த்திய சிறு உருண்டைகளாகத் தருகிறார்கள். அதில் மறுபடியும் பைண்டர் கலந்தால் எரியும்போது வாயு அதிகமாகிப் பெல்லட் வெடிக்கும். அதைக் கல்வத்தில் போட்டு அரைக்கவும் கூடாது. உருண்டை உடைந்தால் பொடி அச்சுக்குள் சீராக ஓடாது. அப்படிப்பட்ட பொடி என்றால் நேரே 4-க்குப் போய்விடுங்கள்.

வெறும் பொடி என்றால் 1.5 சதவீத பைண்டர் போதும், நமக்கு அது பாலிவினைல் ஆல்கஹால். 20 கிராம் பொடிக்கு 0.3 கிராம், அதாவது 5 சதவீதக் கரைசலில் 6 கிராம். பாலிவினைல் ஆல்கஹாலைக் குளிர்ந்த நீரில் தூவிவிட்டு, கலக்கிக்கொண்டே 85-90 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். சுடுநீரில் கொட்டினால் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டியதுபோல் கட்டி தட்டும், பிறகு கரையவே கரையாது.

கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து, புட்டு மாவுப் பதம் வந்ததும் சல்லடையில் தேய்த்து எடுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதறினால் உதிர வேண்டும். பிறகு 60-70 டிகிரி அவனில் உலர்த்தல்.

உலர்த்துவதில் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாலிவினைல் ஆல்கஹாலுக்கு நீர்தான் மென்மை தருகிறது. சுத்தமாக உலர்ந்த குருணை கல்லாகிவிடும், அழுத்தினாலும் நசுங்காது. உருண்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி பெல்லட்டுக்குள் அப்படியே தங்கிவிடும். ஈரம் அதிகமானால் பஞ்ச் தண்டில் (அச்சுக்குள் பொடியை அழுத்தும் தண்டு) ஒட்டி மேல்தோல் பிய்ந்து வரும். ஒரே பொடி, ஒரே ஆள், மார்ச்சில் அழுத்தியது நன்றாக வந்து ஜூனில் ஒட்டியது என்றால் காரணம் இதுதான். உலர்த்திய குருணையை மூடிய டப்பாவில் வையுங்கள். மழை நாளில் டப்பாவைத் திறந்த அரை மணிக்குள் அழுத்தி முடியுங்கள்.

4. அச்சில் அழுத்துதல்

உடைகிற பெல்லட்டில் பாதிக்கு மேல் இங்கேதான் உடைகிறது. நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் 13 மி.மீ. அச்சு வேதியியல் துறையிலிருந்து இரவல் வரும். அகச்சிவப்பு நிறமாலைக்காக பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்துகிற அதே அச்சு. அச்சோடு பழக்கமும் இரவல் வந்துவிடுகிறது: "8 டன் போடு, 10 டன் போடு." பொட்டாசியம் புரோமைடு மென்மையான உப்பு, அழுத்தினால் இளகி ஒன்றாகிவிடும், அதற்கு அது சரி. சிர்கோனியாத் துகள் இளகாது. அதிகமாக அழுத்தினால் வில் போல வளைந்து, அச்சைவிட்டு வெளியே வந்ததும் நிமிரும். நிமிரும்போது மேல்பகுதி தொப்பிபோல் கழன்றுவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 13 மி.மீ. வட்டத்தின் பரப்பு 132.7 ச.மி.மீ. நமக்கு வேண்டியது 100 மெகாபாஸ்கல். பெருக்கினால் 13.3 கிலோ நியூட்டன், சுமார் 1.35 டன். 5 டன் போட்டால் 370 மெகாபாஸ்கல் ஆகிவிடும். என் அனுபவத்தில் 150-க்கு மேலேயே, அதாவது 2 டன்னுக்கு மேல், தொப்பி கழல்வது ஆரம்பிக்கிறது.

அடுத்தது, பிரஸ்ஸின் மானியில் எழுதியிருக்கும் அலகு. சில பிரஸ் டன் காட்டும். சில, உள்ளே எண்ணெயின் அழுத்தத்தைக் கிலோ/ச.செ.மீ.-இல் காட்டும். இரண்டாவது வகை என்றால் பிரஸ்ஸின் பிஸ்டன் பரப்பால் பெருக்கி, பெல்லட் பரப்பால் வகுக்க வேண்டும். மானியில் 100 என்று பார்த்துவிட்டு நோட்டில் 100 மெகாபாஸ்கல் என்று எழுதியவர்கள் எங்களிடமே இரண்டு பேர். 15 டன் பிரஸ்ஸில் 1.35 டன் என்பது முள் லேசாக அசைகிற இடம். சிறிய மானி உள்ள பிரஸ் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

செய்முறை இதுதான். அச்சின் உள்சுவரை அசிட்டோனால் துடைத்து, அசிட்டோனில் கரைத்த ஸ்டியரிக் அமிலத்தைப் பஞ்சால் மெல்லப் பூசுங்கள். சுவரில் உராய்வு அதிகமானால் பெல்லட்டின் மேல்பக்கம் இறுகும், கீழே தளர்ந்திருக்கும். சுட்டதும் அது ஆட்டுக்கல் வடிவத்துக்கு வரும். 2 கிராம் குருணையைப் போட்டு, அச்சை மேசையில் மெல்லத் தட்டிச் சமன் செய்யுங்கள். பஞ்ச் தண்டைச் செருகி ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். பாலிஷ் செய்த முகம் பொடியைப் பார்க்கட்டும்.

அழுத்தத்தை அரை நிமிடம் எடுத்து ஏற்றுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேற நேரம் வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இறக்குவதும் மெதுவாகவே இருக்கட்டும். வால்வைப் படக்கென்று திறப்பதுதான் எல்லாருக்கும் வருகிற கைத்தவறு.

வெளியே தள்ளும்போது ஒரே சீராக, நிற்காமல் தள்ளுங்கள். பாதியில் நின்றால், வெளியே வந்த பாதி விரிந்திருக்கும், உள்ளே இருக்கிற பாதி இறுகியிருக்கும். அந்த எல்லையில் ஒரு மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. உலைக்குப் போய் வந்தபின் தெரியும்.

5. சுடுமுன் அளந்துவிடுங்கள்

விட்டத்தையும் தடிமனையும் மூன்று இடத்தில் அளந்து, எடை போட்டு, அடர்த்தி கணக்கிடுங்கள். 2 கிராம் பெல்லட் சுமார் 5 மி.மீ. தடிமன் வந்தால் அடர்த்தி 3.0, முழு அடர்த்தியில் பாதி. 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உலைக்கு அனுப்ப வேண்டாம். அரைத்து மறுபடி அழுத்திக்கொள்ளலாம். சுட்ட பிறகு திரும்பி வர வழியில்லை.

விளக்கொளியைச் சாய்வாக விழவைத்துப் பக்கவாட்டைச் சுற்றிப் பாருங்கள். மேல்விளிம்புக்குக் கீழே வளையம்போல் ஒரு கோடு தெரிந்தால் அது தொப்பிதான். ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் கோடு இன்னும் தெளிவாகும், விரிசல் உள்ள இடம் கடைசியில்தான் உலரும்.

6. பைண்டரை எரித்தல்: தனி உலையில்

நேரம் மிச்சம் பிடிக்க, இதையும் சின்டரிங்கையும் (1,450 டிகிரியில் சுட்டு இறுகவைப்பது) ஒரே ஓட்டத்தில் செய்யத் தோன்றும். வேண்டாம். பெரிய உலையில் வெப்பத்தை அளக்கப் பெரும்பாலும் இருப்பது பி வகைத் தெர்மோகப்பிள். குறைந்த வெப்பத்தில் அதன் சிக்னல் மிகச் சிறியது, 200-300 டிகிரியில் அது சொல்வதை நம்ப முடியாது. பைண்டர் எரிவதோ சரியாக 200-க்கும் 500-க்கும் நடுவில். எந்த இடத்தில் துல்லியம் வேண்டுமோ அந்த இடத்தில்தான் அதற்குக் கண் தெரியாது. சாதாரண மஃபிள் ஃபர்னஸில் உள்ள கே வகை இதற்குப் போதும்.

நிமிடத்துக்கு 1 டிகிரி, 600 வரை. அங்கே ஒரு மணி நேரம். மொத்தம் பத்து பதினோரு மணி நேரம் ஆகும், மாலையில் போட்டுவிட்டுப் போகலாம். 5 டிகிரி வேகத்தில் ஏற்றினால் வெளியேறும் வாயு வழி கிடைக்காமல் பெல்லட்டை உப்பவைக்கும், நடுவில் நட்சத்திர விரிசல் விழும். காற்றுத் துளையை அடைக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் கரி உள்ளேயே தங்கி, பெல்லட் சாம்பல் நிறமாக வரும்.

பைண்டர் போன பெல்லட்டுக்கு அப்பளத்தின் பலம்கூட இருக்காது. கையால் தொடாமல் தட்டோடு மாற்றுங்கள்.

7. சின்டரிங்

அலுமினாத் தட்டில் அதே சிர்கோனியாப் பொடியை மெல்லத் தூவி அதன் மேல் பெல்லட்டை வையுங்கள். சுடும்போது பெல்லட் 20 சதவீதம் சுருங்கும், 13 மி.மீ. 10.4 ஆகிவிடும். தட்டோடு ஒட்டினால் அடிப்பக்கம் சுருங்க முடியாமல் கிழியும். தூவிய பொடி மணல்போல் அதை நகரவிடும்.

நிமிடத்துக்கு 5 டிகிரி 1,000 வரை, அதன்பின் 3 டிகிரி 1,450 வரை, 2 மணி நேரம் நிறுத்தம், பிறகு 5 டிகிரியில் இறக்கம். சுருக்கம் பெரும்பாலும் 1,000-க்கு மேல்தான் நடக்கிறது, அதனால்தான் அங்கே நிதானம். 500-க்குக் கீழே உலை தானாகவே மெதுவாகத்தான் ஆறும். 100-க்கு வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். பெல்லட்டுக்கு மட்டுமல்ல, உலையின் செங்கலுக்கும் ஹீட்டருக்கும் அது நல்லதல்ல.

அப்புறம் கரண்ட். ஒருமுறை 1,400 தாண்டியபோது இடி இடித்துக் கரண்ட் போனது. நாங்கள் கீழே சாயா குடித்துக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் கழித்து கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உலை 900-க்கு இறங்கியிருக்க, அது கேட்டது 1,400. முழு பவரில் ஏற்றிவிட்டது. ஆறு பெல்லட்டும் போயின, ஒரு ஹீட்டரும் போனது. கன்ட்ரோலரில் மின்தடைக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். அதை "நிறுத்து" என்று மாற்றி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நாங்கள் இரவு பத்துக்கு மேல்தான் உலை போடுகிறோம்.

8. விரிசலைப் படிப்பது

உடைந்துவிட்டால் தூக்கி எறியாமல் வடிவத்தைப் பாருங்கள்.

மேலே மூடிபோல் கழன்றிருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது வேகமாக இறக்கியிருக்கிறீர்கள். அப்பளக் கட்டுபோல் கிடைமட்டமாக அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் காற்று சிக்கியிருக்கிறது. நடுவிலிருந்து நட்சத்திரம்போல் கிளம்பினால் பைண்டர். விளிம்பு முதல் விளிம்புவரை நேர்க்கோட்டில் இரண்டாகி, உடைந்த முகம் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அது குளிரும்போது உடைந்தது. அதுதான் உலையின் கணக்கு. விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் விரிசல் சின்டரிங்குக்கு முன்பே இருந்திருக்கிறது என்று அர்த்தம், சூட்டில் ஓரம் உருண்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பழகினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

9. அடர்த்தி

வெர்னியர் கணக்கு இங்கே போதாது, ஆர்க்கிமிடீஸ் முறைதான். உலர்ந்த எடை எடுத்து, தண்ணீரில் 5 மணி நேரம் கொதிக்கவைத்து, 24 மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்ட எடை, பிறகு ஈரத்துணியில் ஒற்றியெடுத்த எடை. உலர்ந்த எடையை, ஈர எடைக்கும் தொங்கல் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, நீரின் அடர்த்தியால் பெருக்குங்கள்.

உதாரணமாக உலர்ந்தது 1.962, ஈரம் 1.965, தொங்கல் 1.632 கிராம். வித்தியாசம் 0.333. நீரின் அடர்த்தி 1 என்று போட்டால் 5.89 வரும். இங்கே அறையில் தண்ணீர் 30 டிகிரி, அதன் அடர்த்தி 0.9957. அதைப் போட்டால் 5.87, அதாவது 97 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் 97-ஐயும் 97.4-ஐயும் ஒப்பிட்டு முடிவு எழுதுகிறவர்களுக்கு அது பெரியது. இங்கே ஒரு மில்லிகிராம் பிசகினாலே 0.3 சதவீதம் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

பெல்லட்டின் அடியில் ஒட்டிய காற்றுக்குமிழிதான் வழக்கமான திருடன். ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் விலகும். ஒற்றும்போது காய்ந்த துணியை எடுக்காதீர்கள், அது துளையிலிருக்கிற நீரையும் உறிஞ்சிவிடும்.

10. எக்ஸ்ரே: தேய்ப்பதற்கு முன்

பெல்லட்டில் எந்தப் படிக அமைப்பு இருக்கிறது என்று எக்ஸ்ரேயால் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை, திருவனந்தபுரத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அனுப்புமுன் பெல்லட்டை எமரித்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒரு ஆசை. தேய்த்தால் மேற்பரப்பில் டெட்ராகனல் மோனோகிளினிக்காக மாறும். தாமிரக் கதிரில் 30.2 டிகிரி கோணத்தில் டெட்ராகனல் உச்சி இருக்க வேண்டும். 28.2-இலும் 31.4-இலும் முளைத்தால் மோனோகிளினிக். சுட்டபடியே இருப்பதை அனுப்புங்கள். வேகவைத்து அடர்த்தி பார்த்ததையும் இதற்கு அனுப்ப வேண்டாம். சூடும் நீரும் சேர்ந்தால் இந்தப் பொருள் மெல்ல மூப்படையும், 250 டிகிரி நீராவியில் அது இன்னும் வேகமாகும்.

11. வெப்ப அதிர்ச்சிச் சோதனை

சூட்டிலிருந்து தண்ணீரில் போட்டால் தோல் சுருங்கும், உள்ளே சூடாகவே இருக்கும். தோல் இழுபட்டுக் கிழியும். எந்த வெப்ப வித்தியாசத்தில் கிழிய ஆரம்பிக்கிறது என்பதைத்தான் தேடுகிறோம். வலிமை 1,000 மெகாபாஸ்கல், யங் குணகம் 210 கிகாபாஸ்கல், விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 10.5, பாய்சான் விகிதம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். வலிமையை (1 - பாய்சான் விகிதம்)-ஆல் பெருக்கி, மற்ற இரண்டு குணகங்களின் பெருக்கலால் வகுத்தால் விடை 317 டிகிரி. கையால் அழுத்திய பெல்லட்டில் வலிமை அதில் பாதிதான் இருக்கும், அதனால் 150 வித்தியாசத்திலிருந்து தொடங்கி 50, 50-ஆக ஏறுங்கள்.

தண்ணீர் 30 டிகிரி என்றால் உலை 180. அதை மறந்து உலையை 150-இல் வைப்பது தினசரித் தவறு.

ஒவ்வொரு வெப்பத்துக்கும் புதிதாக ஐந்து பெல்லட். ஒரே பெல்லட்டை 180, 230, 280 என்று ஏற்றிக்கொண்டே போனால், முந்தைய குளியலில் விழுந்த நுண்விரிசல் அடுத்ததில் வளரும். கிடைப்பது களைப்பின் அளவு, தாங்கும் எல்லை இல்லை. ஐந்து பெல்லட் செய்ய மூன்று நாள் ஆகுமே என்று முகம் சுளிப்பார்கள். ஆகட்டும்.

அரை மணி நேரம் உலையில் வைத்து, குறைந்தது 5 லிட்டர் தண்ணீரில் போடுங்கள். பீக்கரில் போட்டால் தண்ணீரே சூடாகிவிடும். இடுக்கியால் பிடிக்காதீர்கள், குளிர்ந்த இரும்பு பட்ட இடத்தில் முதல் விரிசல் விழும். கம்பிக்கூடையில் பெல்லட்டை வைத்தே உலைக்குள் வைத்து, கூடையோடு இறக்குங்கள். கதவு திறந்ததிலிருந்து தண்ணீருக்குள் போக இரண்டு மூன்று நொடி. முதலில் வெறும் கூடையோடு நாலு தடவை ஒத்திகை பாருங்கள். கண்ணாடியும் தோல் கையுறையும் இல்லாமல் கூடாது.

உலர்த்தி, நீல பேனா மையில் முக்கி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். விரிசல் இருந்தால் நீலக்கோடு நிற்கும். சில சமயம் குளிக்காத பெல்லட்டிலும் கோடு வரும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் தண்ணீரைப் பார்க்காத ஒரு பெல்லட்டை மையில் முக்கிப் பாருங்கள். அதிலும் நீலக்கோடு தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் டப்பாவில் போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு 4-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.